நூலி பேசாமல் போனது

அந்தக் காலத்தில் மண்ணுக்கு அடியில் வாழ்ந்தவையெல்லாம் மனிதரோடு பேசிக்கொண்டிருந்தன. கடலை ஒட்டிய மணல் பூமியில் வைரக்கண்ணு என்றொருவன் புகையிலைப் பயிர் போட்டுப் பிழைத்தான். அவன் வயலுக்குக் கீழே நூலி இருந்தாள்.

நூலி ஒரு பூஞ்சை. வேருக்கு வேர் வெள்ளை இழை ஓட்டி வயல் முழுக்கப் பரவியிருந்தாள். வேர் எட்டாத இடத்திலிருந்தெல்லாம் சத்தை இழுத்துவந்து செடிக்குக் கொடுப்பாள். செடியும் தன் இனிப்புச் சாற்றில் கொஞ்சம் அவளுக்கு விடும். வெறும் மணலில் விளைந்த அவன் இலை தடிப்பாகவும் தேன் நிறமாகவும் இருந்தது அவளால்தான். இலைக்கட்டைப் பிரித்தால் தெருவே மணக்கும்.

வயலுக்கு வந்ததும் வைரக்கண்ணு, "என்ன நூலி, எப்படி இருக்கு?" என்பான்.

"கிழக்கு ஓரம் காயுது. மத்ததெல்லாம் சௌக்கியம்" என்று கீழேயிருந்து பதில் வரும்.

ஒரு வருஷம் நாற்றங்காலில் நாற்று சாயத் தொடங்கியது. காலையில் நிமிர்ந்து நின்றது சாயங்காலம் கழுத்து அழுகிப் படுத்துவிடும். முதலில் விதைத்தது முழுக்கப் போயிற்று, இரண்டாவதில் பாதிக்கு மேல் போயிற்று. வீட்டில் கடைசியாக ஒரு கை விதைதான் மிச்சம். அதுவும் போனால் உப்பளத்துக்குக் கூலியாய்ப் போகவேண்டியதுதான். மிஞ்சிய நாற்றும் வாடிவிடுமோ என்ற பயத்தில் அவன் குடம் குடமாகத் தண்ணீர் ஊற்றினான்.

"இவ்வளவு ஊத்தாதே வைரக்கண்ணு. ஈரம் தேங்கினா அவ வந்துடுவா" என்றாள் நூலி.

"யாரு?"

"என் தங்கச்சி. நாத்தோட கழுத்தைப் பிடிக்கிறவ."

அவன் செத்த நாற்று ஒன்றைப் பிடுங்கிப் பார்த்தான். கழுத்தில் வெள்ளையாக இழை. வயலில் போன வருஷத்துப் புகையிலை அடிக்கட்டை ஒன்றைப் பிடுங்கினான். அதன் வேரிலும் வெள்ளை இழை. இரண்டும் அவன் கண்ணுக்கு ஒன்றாகவே தெரிந்தன.

"அப்போ ரெண்டு பேரும் ஒரே வம்சம்."

"வம்சம் ஒண்ணுதான். அவ வேலை வேற, என் வேலை வேற. தண்ணியைக் குறை, அவ போயிடுவா."

பின்பாதி அவன் காதில் ஏறவே இல்லை. வீட்டுக்கு வந்து மனைவி தையல்நாயகியிடம், "இத்தனை வருஷமா நம்ம வயலுக்குள்ளயே சத்துருவை வச்சிருக்கோம். கொளுத்திடப் போறேன்" என்றான்.

"நாத்தங்காலைக் கொளுத்துங்க, நோவு அங்கதான் இருக்கு. வயல் என்ன பண்ணுச்சு?" என்றாள் அவள். "நூலியை இன்னொரு வார்த்தை கேட்டுட்டுச் செய்யுங்க."

"அவ தன் தங்கச்சியை விட்டுக் கொடுப்பாளா?"

மறுநாள் வயலை ஆழ உழுது புரட்டினான். காய்ந்த சவுக்கு மிலாறும் பனை மட்டையும் பரப்பி, நாற்றங்கால் முதல் கடைசி வரப்பு வரை தீ வைத்தான். இரண்டு நாள் எரிந்தது. முதல் நாள் மத்தியானம் புகைக்குள்ளிருந்து நூலியின் குரல் கேட்டது.

"வைரக்கண்ணு, மேலே ஏதோ எரியுது. நாத்து பத்திரமா இருக்கான்னு பாரு."

வேஷம் போடுகிறாள் என்று நினைத்து, அவன் இன்னும் இரண்டு மட்டையைத் தூக்கிப் போட்டான்.

சாம்பல் ஆறியதும் கடைசி விதையைத் தூவினான். ஒரு நாற்றுகூடச் சாயவில்லை. வயலில் நட்டதும் வேர் பிடித்தது. "பார்த்தியா?" என்று தையல்நாயகியிடம் சொல்லிச் சிரித்தான்.

ஆனால் இலை விரியவில்லை. எவ்வளவு எரு வைத்தும் காகிதம்போல் மெலிந்தே நின்றது. அறுத்து உலர்த்திப் பதம் போட்டபோது நிறம் ஏறவில்லை, தொட்டால் நொறுங்கியது. ஒரு துணுக்கை வாயில் அடக்கிப் பார்த்தான். மணமே இல்லை, தொண்டை மட்டும் காந்தியது.

வயலுக்கு ஓடி, "நூலி" என்று கூப்பிட்டான். பதில் இல்லை. கையால் மணலைத் தோண்டினான். ஒரு இழைகூட இல்லை. புகைக்குள் அவள் சொன்ன வார்த்தை அப்போதுதான் அவனுக்கு முழுசாகக் கேட்டது. தன்னைக் காப்பாற்று என்று அவள் சொல்லவே இல்லை. நாற்றைப் பற்றித்தான் கேட்டாள். வேஷம் என்று நினைத்தேனே என்று அவன் அங்கேயே உட்கார்ந்துவிட்டான். வெகுநேரம் கழித்துத் தையல்நாயகி வந்து கூட்டிப்போனாள். அவள் ஒன்றும் குத்திக் காட்டவில்லை. அதுவே அவனுக்கு இன்னும் பாரமாக இருந்தது.

அடுத்த வருஷம் ஈரம் தேங்கிய ஓர் ஓரத்தில் நாற்று மறுபடி சாய்ந்தது. தங்கை யாருடைய காலிலோ ஒட்டிக்கொண்டு திரும்பி வந்துவிட்டாள். அக்காள் வரவில்லை.

தீ எட்டாத தாழம்புதர் அடியிலிருந்து வைரக்கண்ணு கூடை கூடையாக மண் சுமந்து வயலில் இறைத்தான். பல வருஷம் இறைத்தான். மெல்ல மெல்ல அங்கங்கே வெள்ளை இழை ஓடியது. இழை ஓடிய இடத்தில் இலை தடித்தது, மணமும் வந்தது. ஆனால் அவன் எத்தனை முறை மன்னிப்புக் கேட்டும் அந்த இழை வாய் திறக்கவில்லை. சாகும்வரை அவன் கேட்டுக்கொண்டுதான் இருந்தான்.

அன்று தொடங்கித்தான் புகையிலைக்காரர்கள் நாற்றங்காலில் மட்டும் தீ மூட்டுகிறார்கள், வயலில் மூட்டுவதில்லை. ஒரே விதை, ஒரே தண்ணீர் என்றாலும் ஒருவன் வயலில் இலை மணக்கிறது, வரப்புக்கு அந்தப் பக்கம் காந்துகிறது. ஏன் என்று கேட்டால் மண் சொல்வதில்லை.