கொழுக்கட்டைப்புல்லுக்குக் காவல்

ஓணாங்கரட்டுக்காரர்களை யாராவது முட்டாள்கள் என்று சொன்னால் எனக்குப் பொல்லாத கோபம் வரும். அவர்கள் சொன்ன பேச்சைத் தட்டாதவர்கள், அவ்வளவுதான். உலகத்தில் பாதிப் பேர் சொன்னதைச் செய்வதே இல்லை. இவர்கள் சொன்னதைச் சொன்னபடியே செய்வார்கள், அதற்கு மேல் ஒரு இம்மி செய்ய மாட்டார்கள். அப்படிப்பட்டவர்களிடம் பேசும்போது பேசுகிறவர்தான் பார்த்துப் பேச வேண்டும்.

கரட்டுக்கு அந்தப் பக்கம் லோகேஸ்வரி என்று ஓர் அம்மணி கார் ஓட்டுகிற மைதானம் ஒன்று போட்டிருந்தார். வளைந்து நெளிந்து போகிற தார் ரோடு. எங்கே கிளம்புகிறதோ அங்கேயே வந்து சேரும். ஞாயிற்றுக்கிழமை ஆனால் கோயமுத்தூர், திருப்பூர்ப் பக்கத்து வசதியான ஆட்கள் தங்கள் சொந்தக் காரை ஓட்டிக்கொண்டு வந்து, பணம் கட்டி, அந்த ரோட்டில் தலைதெறிக்கச் சுற்றுவார்கள். பந்தயம் கிடையாது, பரிசு கிடையாது. சுற்றி முடித்து ஒரு டீயைக் குடித்துவிட்டு வீட்டுக்குப் போவார்கள். இதற்கு டிராக் டே என்று பேர். இவர்களை யாரும் முட்டாள்கள் என்று சொல்வதில்லை என்பதையும் கவனிக்க வேண்டும்.

ரோட்டுக்கு இரண்டு பக்கமும் இடுப்பளவு கொழுக்கட்டைப்புல். அதை ஓணாங்கரட்டுப் பொங்கியண்ணனும், அவர் மச்சினன் நாச்சிமுத்துவும், பங்காளி சென்னியப்பனும் சேர்ந்து குத்தகைக்கு எடுத்திருந்தார்கள். அந்த வருஷம் மழை ஏமாற்றிவிட்டது. சுற்றுவட்டாரத்தில் மாடு வாய் வைக்க வேறு ஒன்றும் இல்லை. மூன்று வீட்டு மாடுகளும் கோடையைத் தாண்ட வேண்டுமானால் இந்தப் புல்தான் கதி. பொங்கியண்ணனின் சிவலைப் பசு வேறு நிறைசினை.

ஆனால் வளைவில் வேகம் தாங்காத கார்கள் ரோட்டை விட்டுப் புல்லுக்குள் இறங்கிவிடும். அத்தனை சுற்றுச் சுற்றியதில் வண்டிக்கு அடியில் இருக்கிற சைலன்சர் தோசைக்கல்லாகக் காய்ந்திருக்கும். காய்ந்த புல் அதில் பட்டால் கேட்கவா வேண்டும். ஓட்டுகிறவர் முதலில் அதைப் புழுதி என்று நினைப்பார். பிறகு புகை என்று நினைப்பார். அதற்குப் பிறகு நினைக்க நேரம் இருக்காது, கதவைத் திறந்துகொண்டு ஓடுவார். பங்குனி பிறந்ததிலிருந்து இரண்டு தடவை இப்படிப் பற்றி, களத்து மேடு அகலத்துக்குப் புல் கரியாகிப் போயிருந்தது.

லோகேஸ்வரி மூன்று பேரையும் கூப்பிட்டார்.

"எனக்கு டிராக் முக்கியம், உங்களுக்குப் புல்லு முக்கியம். ரெண்டு பேருக்கும் எதிரி தீதானுங்க. இனிமே ஞாயித்துக்கெழமையானா நீங்க மூணு பேரும் காவல் இருங்க பொங்கியண்ணா."

"இருந்துட்டாப் போவுதுங்க அம்மிணி. என்ன பண்ணோணும்னு மட்டும் வெவரமாச் சொல்லிப்போடுங்க."

"ஒண்ணே ஒண்ணுதான். கார் புல்லுக்குள்ள எறங்கிட்டா அதை நிக்க மட்டும் உட்ராதீங்க. நின்னாத்தான் பத்திக்கும்."

மூன்று பேரும் அதை வழியெல்லாம் சொல்லிச் சொல்லி மனப்பாடம் பண்ணிக்கொண்டு போனார்கள்.

ஞாயிற்றுக்கிழமை முதலில் இறங்கியவர் பல் டாக்டர் கனகசபை. பல் பிடுங்குவதில் அவர் கெட்டிக்காரர் என்று சொல்வார்கள். வளைவு திருப்புவதில் அப்படி யாரும் சொன்னதில்லை. புல்லுக்குள் வந்து பிரேக்கைப் போட்டவர், நெஞ்சில் கை வைத்துக்கொண்டு நிமிர்ந்தால் ஜன்னலுக்கு வெளியே மூன்று தலைகள்.

"நிக்காதீங்க சார்."

"கொஞ்சம் மூச்சு வாங்கிக்கறனே."

"ஓட்டிக்கிட்டே வாங்குங்க சார். நிக்கக் கூடாதாமா."

டாக்டர் வண்டியை எடுத்தார். மறுபடி ரோட்டில் ஏற வேண்டுமானால் வேறு கார் வருகிறதா என்று கொஞ்சம் நின்று பார்த்துத்தான் ஏற வேண்டும். நிற்கத்தான் விட மாட்டேன் என்கிறார்களே. ரோட்டு ஓரத்துக்கு வந்து மெதுவாக்கும்போதெல்லாம் நாச்சிமுத்து தலைத்துண்டைச் சுழற்றி மாடு ஓட்டுகிற மாதிரி ஓட்டினான். டாக்டர் புல்லுக்குள்ளேயே சுற்றிக்கொண்டிருந்தார். மத்தியானம் பெட்ரோல் தீர்ந்தது. அதற்காக நிற்க விட முடியுமா? மூன்று பேரும் பின்னால் போய்த் தள்ளினார்கள்.

சாயங்காலம் லோகேஸ்வரி வந்து பார்க்கும்போதும் தள்ளிக்கொண்டுதான் இருந்தார்கள். டாக்டர் உள்ளே தூங்கிப்போயிருந்தார்.

"அண்ணா, வண்டி எப்பவோ ஆறிப்போயிருக்கும். இன்னும் எதுக்குங்க தள்ளறீங்க?"

"ஆறினா நிறுத்தலாம்னு நீங்க சொல்லவே இல்லீங்களே அம்மிணி," என்றார் பொங்கியண்ணன். பாவம், அவருக்கு மூச்சு இரைத்தது.

கோபித்துக்கொள்ள வழி இல்லை. லோகேஸ்வரி யோசித்து, இந்தத் தடவை வேறு மாதிரி சொன்னார். "காரை நான் பாத்துக்கறனுங்க. நீங்க புகையைப் பாருங்க. எங்க புகை தெரிஞ்சாலும் ஆளுக்கொரு கொடம் தண்ணியோட அங்க ஓடிருங்க."

அடுத்த ஞாயிற்றுக்கிழமை ஒரு சிவப்புக் கார் இறங்கியது. இறங்கின இடத்தில் புகை எழுந்தது. ஓட்டி வந்தவர் கதவைத் திறந்துகொண்டு ஒரு பக்கம் ஓட, இவர்கள் மூன்று பேரும் தோளில் குடத்தோடு இன்னொரு பக்கமிருந்து ஓடி வந்தார்கள். அப்படி ஓர் ஓட்டத்தை நான் பார்த்ததில்லை. வந்து, வரிசையாக நின்றார்கள்.

புகை தீயானது. தீ புல்லைத் தின்றுகொண்டு நகர்ந்தது. இவர்களும் குடத்தோடு நகர்ந்து நின்றார்கள். சென்னியப்பனுக்குக் கால் ரோமம் பொசுங்கியது. அப்படியும் இடத்தை விட்டு அசையவில்லை.

லோகேஸ்வரி ஆட்களோடு தீயணைக்கிற சிலிண்டரைத் தூக்கிக்கொண்டு வந்து அடித்து அணைப்பதற்குள் வடக்கு வளைவுப் புல் பூராவும் போய்விட்டது.

"கொடத்துல தண்ணி இருக்குதுங்களா?" என்று கேட்டார்.

"தளும்பத் தளும்ப இருக்குதுங்க. அத்தன வேகமா ஓடியாந்தும் ஒரு சொட்டுக் கீழ சிந்தலீங்க," என்றான் நாச்சிமுத்து. அதில் அவனுக்கு நியாயமான பெருமை இருந்தது.

"ஏனுங்க, அதைத் தீயில ஊத்தறதுக்கென்ன?"

"ஓடச் சொன்னீங்க, ஓடியாந்துட்டம். ஊத்தறதப் பத்தி நீங்க வந்து சொல்லுவீங்கன்னு நின்னுட்டு இருக்கறமுங்க."

லோகேஸ்வரி அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். கொஞ்ச நேரம் கழித்து எழுந்து, ரொம்ப அமைதியாகப் பேசினார். அந்த அமைதிதான் பயமாக இருந்தது.

"வர்ற ஞாயித்துக்கெழமை ஒரு பொறி பத்தினாலும் சரி, திங்கக்கெழமை காலைல டிராக்டரை உட்டு மொத்தக் காட்டையும் உழுதுருவனுங்க. ஒரு புல்லு நிக்காது. யாராவது கருகிப்போனா நான் பதில் சொல்ல முடியாதுங்கண்ணா. இனி நான் ஒண்ணும் சொல்றதா இல்ல. மூணு பேரும் உக்காந்து சொந்தமா யோசனை பண்ணிக்குங்க."

அந்த அம்மணி செய்த பெரிய தப்பு இதுதான். ஓணாங்கரட்டில் இதுவரை யாரையும் யாரும் யோசிக்கச் சொன்னதில்லை.

சொல்லிவிட்டார்கள், ஆகையால் யோசிக்க வேண்டும். மூன்று பேரும் வேலமரத்தடியில் போய் உட்கார்ந்தார்கள். பொங்கியண்ணனுக்குச் சிவலைப் பசுவின் முகமே கண்ணில் நின்றது. உழுதுவிட்டால் அதற்கு எதைப் போடுவது? விற்கலாம் என்றால் இந்தப் பஞ்சத்தில் வாங்குகிறவன் அறுப்புக்குத்தான் வாங்குவான். அவர் துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். மாமன் அழுவதைப் பார்த்து நாச்சிமுத்துவும் அழுதான். சென்னியப்பன் மட்டும், "யோசிக்கத்தான சொன்னாங்க, அழுகச் சொல்லலியே," என்றார். சரி என்று அழுகையை நிறுத்தினார்கள்.

"மொதல்ல ஒண்ணு கேக்கறன்," என்றார் பொங்கியண்ணன். "தீ எங்க புடிக்குது?"

"புல்லுல மாமா."

"ரோட்டுல எப்பவாச்சும் புடிச்சிருக்குதா?"

நாச்சிமுத்து நன்றாக யோசித்தான். "ஒருக்காலும் இல்லீங்க மாமா. காலைலருந்து பொழுதுவரைக்கும் அத்தன காரு அதும்மேல போவுது. ஒரு பொறி பத்தினதில்ல."

"அப்ப இந்தக் காட்டுலயே தீ புடிக்காத எடம் எது?"

"ரோடுங்க."

"அவ்வளவுதான். புல்லு அங்க இருக்கோணும்."

மூன்று பேருக்கும் இவ்வளவு நாள் இது ஏன் தோன்றவில்லை என்றிருந்தது.

சென்னியப்பனுக்கு எதிலும் ஒரு சந்தேகம் வரும். "பங்காளி, புல்லை அறுத்து ரோட்டுல போட்டுட்டா, காரு எங்க போவும்?"

"ஏப்பா, காரு போறதுக்கு எடமா இல்ல? புல்லை அறுத்துட்டா அத்தன காடும் வெறுங்காடுதான?"

"அது சரி. காரு காட்டுக்குள்ள எறங்குனாப் பத்திக்குமே?"

"எதைப் பத்தும்? அங்கதான் புல்லே இல்லியே."

சென்னியப்பன் இதைப் புரட்டிப் புரட்டிப் பார்த்தார். ஓட்டை எங்கேயும் தெரியவில்லை. எனக்கும் இன்றுவரை தெரியவில்லை.

சனிக்கிழமை விடிவதற்குள் மூன்று வீட்டு ஆண்பிள்ளை பெண்பிள்ளை அத்தனை பேரும் அரிவாளோடு இறங்கிவிட்டார்கள். பொழுது சாயும்போது காட்டில் ஒரு புல் நிற்கவில்லை. எல்லாம் தார் ரோட்டின்மேல், கிளம்புகிற இடத்திலிருந்து வந்து சேருகிற இடம்வரைக்கும், அழகாகப் பரத்தி, வளைவுகளில் போராக ஏற்றி, நுனியெல்லாம் ஒரே பக்கம் பார்க்க அடுக்கியிருந்தார்கள்.

லோகேஸ்வரி வெள்ளிக்கிழமையே புதிதாக நாலு தீயணைக்கிற சிலிண்டர் வாங்கக் கோயமுத்தூர் போயிருந்தார். ஞாயிற்றுக்கிழமை அவர் வருவதற்குள் கார்கள் வந்துவிட்டன. முதலில் வந்தவர் பல் டாக்டர்தான்.

"ரோடு எங்கீங்க?" என்று கேட்டார்.

"அங்கயேதான் இருக்குதுங்க சார். மேல புல்லு படுத்திருக்குது."

"அப்ப நான் எங்கீங்க ஓட்டறது?"

"நீங்க எப்பவும் ஓட்டற எடத்துலயே ஓட்டுங்க சார்," என்றார் பொங்கியண்ணன் மரியாதையாக.

டாக்டர் ஒரு நிமிஷம் யோசித்தார். அதில் உண்மை இருந்தது. காட்டுக்குள் இறக்கினார். ஒரு சுற்றுச் சுற்றினார், இரண்டாவது சுற்றும் சுற்றினார். வாழ்க்கையிலேயே முதல் தடவையாக அவரை யாரும் பாதை தவறிவிட்டார் என்று சொல்ல முடியாது. மனிதருக்கு முகமெல்லாம் பல். அதைப் பார்த்து மற்றவர்களும் இறங்கினார்கள். பத்து மணிக்குள் காடு பூராவும் சக்கரம் பட்டு உழுத மாதிரி ஆகிவிட்டது. இவ்வளவு நன்றாக உழுததைச் சும்மா விடுவானேன் என்று நாச்சிமுத்து வீட்டுக்கு ஓடிப்போய்ச் சோளம் கொண்டுவந்து, கார்களுக்குப் பின்னால் விதைத்துக்கொண்டே போனான்.

லோகேஸ்வரி வந்து இறங்கினார். ரோட்டைப் பார்த்தார். காட்டைப் பார்த்தார். சிலிண்டர் கையிலிருந்து நழுவிக் காலில் விழுந்தது. அதைக்கூட அவர் கவனிக்கவில்லை.

"பொங்கியண்ணா, இது என்னங்கண்ணா?"

"நீங்களே பாருங்க அம்மிணி. தீ இல்ல. புகை இல்ல. வெறும் புழுதி."

"ரோடு..."

"ரோடு பத்தரமா இருக்குதுங்க. மேல ஒரு காரு ஏறல. கண்ணு மாதிரி பாத்துக்கறம்."

அந்த அம்மணி வாயைத் திறந்தார். அவர் என்ன சொல்ல வந்தார் என்பது யாருக்கும் தெரியாது. ஏனென்றால் அந்த நேரம் பார்த்து, குனிந்து விதைத்துக்கொண்டிருந்த நாச்சிமுத்து டாக்டருக்கு முன்னால் வந்துவிட்டான். டாக்டர் பதறிப்போய் ஸ்டியரிங்கை ஒடித்தார். கார் புழுதியில் வழுக்கிக்கொண்டு போய், தார் ரோட்டின்மேல் ஏறி, வடக்கு வளைவுப் போருக்குள் மூக்கை விட்டுக்கொண்டு நின்றது. அடியிலிருந்து நூல் மாதிரி ஒரு புகை கிளம்பியது.

பொங்கியண்ணனுக்கு உயிரே போய்விட்டது. முழுக் கோடைப் புல்லும் ஒரே தொடர்ச்சியாக அந்த ரோட்டில் கிடக்கிறது. இங்கே பற்றினால் சுற்று பூராவும் போகும். பசுவும் போகும், உள்ளே இருக்கிற கன்றும் போகும்.

"அம்மிணி, காரு பாதை தப்பி ரோட்டுல ஏறிருச்சுங்க," என்று கத்திக்கொண்டு, கார்களை நிறுத்த ரோட்டோரம் நட்டிருந்த சிவப்புக் கொடியைப் பிடுங்கி ஆட்டினார். சென்னியப்பன் குடத்தைத் தூக்கிக்கொண்டு ஓடினார். பாதி வழியில் நின்று திரும்பி, "இந்தத் தடவை ஊத்தலாங்களா?" என்று கேட்டார்.

லோகேஸ்வரி பாய்ந்துபோய் மைக்கைப் பிடித்தார். ஆறு வருஷமாக அந்த மைக்கில் அவர் ஞாயிற்றுக்கிழமைதோறும் தொண்டை கிழியக் கத்தி வந்தது ஒன்றே ஒன்றுதான்: யாரும் ரோட்டை விட்டு இறங்காதீர்கள். இன்றைக்கு அதே தொண்டையில் கத்தினார்.

"ஊத்துங்கண்ணா, ஊத்துங்க! டாக்டர் சார், அங்க நிக்காதீங்க. ரோட்டை உட்டுக் கீழ எறங்குங்க. மத்தவங்க எல்லாரும் கேட்டுக்குங்க, யாரும் எக்காரணம் கொண்டும் ரோட்டு மேல மட்டும் ஏறிராதீங்க!"

டாக்டர் பின்னால் எடுத்துக் காட்டுக்குள் இறங்கினார். சென்னியப்பன் ஊற்றினார். புகை அடங்கியது. நனைந்தது ஒரு கட்டுப் புல், அவ்வளவுதான். மற்ற கார்களெல்லாம் அம்மணி சொன்னபடி ரோட்டுப் பக்கமே தலைவைக்காமல் காட்டுக்குள் ஒழுங்காகச் சுற்றிக்கொண்டிருந்தன.

லோகேஸ்வரி மைக்கைக் கீழே வைத்தார்.

பொங்கியண்ணன் கொடியைச் சுருட்டிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு, மடியில் விதையோடு ஓடிவந்த மச்சினனைப் பார்த்து நிம்மதியாகச் சொன்னார்:

"பரவால்ல மாப்ள. அம்மிணிக்கும் மெல்ல மெல்லத் தொழில் புடிபட ஆரம்பிச்சிருச்சு."