பூதனின் முதுகுக் காயம்

சேந்தன் பூதனை உயிரோடு கடைசியாகப் பார்த்தபோது, பூதன் அவனுக்கு மேலே கிடந்தான்.

போர் முடிந்துபோன வயல் அது. இவர்களுடைய படை தோற்று ஓடிவிட்டது. வென்றவர்கள் கையில் ஈட்டியோடு வரிசையாக நடந்து, கீழே கிடந்தவர்களை ஒவ்வொருவராகக் குத்திக்கொண்டே வந்தார்கள். சேந்தனுக்குக் காலில் அடி. பக்கத்தில் தொடை கிழிந்து கிடந்தான் பூதன். ஒரே ஊர், ஒன்றாகப் படைக்குப் போனவர்கள். சேந்தன் அவன் தோளைப் பிடித்து இழுத்தான்.

"மெதுவா இழுடா, வலிக்குது" என்றான் பூதன். தன்னைக் காப்பாற்றத்தான் இழுக்கிறான் என்று நினைத்துவிட்டான்.

சேந்தன் அவனைக் கவிழ்த்துப் போர்வை மாதிரித் தன்மேல் போட்டுக்கொண்டான். முகத்துக்கு நேரே முகம். ஈட்டி பூதனின் முதுகில் இறங்கியது. அதன் நுனி சேந்தனின் வயிற்றைத் தொட்டுவிட்டு வெளியே போனது.

மறுநாள் ஊரார் வந்து பிணங்களைப் புரட்டிப் பார்த்தார்கள். பூதனுக்கு முதுகில் காயம். முதுகில் காயம் என்றால் ஓடினவன். ஓடினவனுக்கு ஊர் நடுகல் வைக்காது. சேந்தன் அங்கேதான் நின்றிருந்தான். வாயைத் திறக்கவில்லை.

அந்த மாதமே ஊரைவிட்டு மலைக்குப் போனான். மலைக்குகையில் சமணப் பெண் துறவி ஒருவர் இருந்தார். குரத்தியார் என்பார்கள். சேந்தனைவிடப் பத்து வயது இளையவர். சேந்தன் அவரை அம்மா என்றே அழைத்தான். அவர் மயிற்பீலித் துடைப்பம் ஒன்றைக் கொடுத்து, "நடக்கிற வழியைப் பெருக்கிட்டு நட. எறும்பு இருக்கும்" என்றார். அதற்கு மேல் ஒன்றும் கற்பிக்கவில்லை. நாலு வருஷம் பெருக்கினான்.

நாலாம் வருஷம் பங்குனியில், பூதனின் மனைவி எயினி மலையேறி வந்தாள்.

"எறும்புக்கெல்லாம் வழி விடுறியாமே அண்ணே. ஊரே சிரிக்குது."

"சிரிக்கட்டும்."

"அதைச் சொல்ல நான் வரல. அன்னைக்கு அவர் பக்கத்துல நீதான் இருந்த. அவர் ஓடினாரா?"

சேந்தன் பீலியால் தரையைப் பெருக்கினான்.

"மகளைப் பார்க்க வந்தவங்க, ஓடினவன் வீடான்னு கேட்டுட்டுத் தண்ணிகூடக் குடிக்காமப் போயிட்டாங்க. ஓடினார்னா ஓடினார்னு சொல்லிடு, இனிமே கேக்க மாட்டேன். இல்லைன்னா சபையில வந்து சொல்லு."

"கொஞ்சம் பொறு எயினி."

"நாலு வருஷம் பொறுத்தவதான். சுனைகிட்ட உக்காந்திருக்கேன். வெயில் தாழ நான் இறங்கணும்."

சேந்தன் குகைக்கு வந்து, அதுவரை சொல்லாததையெல்லாம் குரத்தியாரிடம் சொன்னான். அவர் கேட்டுக்கொண்டிருந்தார்.

"உண்மையைச் சொன்னா ஊர் என்னை உயிரோட விடாது அம்மா."

"விடாமப் போகலாம்."

"அதைச் செஞ்சது நான் இல்லை. அந்த வயல்ல கிடந்தவங்க யாரும் மனுஷங்களே இல்லை. நல்லது கெட்டது கிடையாது, சிநேகிதம் கிடையாது. அடுத்த மூச்சு ஒண்ணுதான். அங்கே கிடந்த ஆளு செத்துட்டான். நான் இப்போ எறும்பை மிதிக்கக் கூசுறேன். அவன் செஞ்சதுக்கு நான் ஏன் சாகணும்?"

"அந்த ஆளு செத்துட்டானா?"

"செத்துட்டான் அம்மா."

"நல்லாத் தெரியுமா?"

தெரியும் என்று சொல்ல வாயெடுத்தான். குகைக்கு மேலே பாறை விளிம்பில் மலைத்தேனீக் கூடுகள் தொங்கின. அந்த நேரம் பார்த்து ஒரு தேன்பருந்து பாய்ந்து, ஒரு கூட்டைக் கிழித்துக்கொண்டு போனது. தேனீக்கள் கிளம்பி வானமே இரைந்தது.

பிறகு நடந்தது சேந்தனுக்குத் தெரியவில்லை. இரைச்சல் அடங்கியபோது ஒரு பாறை இடுக்கில் சுருண்டு கிடந்தான். அவன்மேல் ஏதோ பாரம். அது மூச்சு விட்டது.

குரத்தியார்.

துறவு பூண்ட நாளிலிருந்து எந்த ஆணின் கையும் படாதவர். அன்று பூதனைப் பிடித்த மாதிரியே அவன் இரண்டு கையும் அவர் தோளை இறுக்கிப் பிடித்திருந்தன. அசைந்தால் தேனீக்கள் நசுங்கும் என்று அவர் அசையாமலே கிடந்திருந்தார்.

சேந்தன் உடம்பில் ஒரு கொட்டுக்கூட இல்லை.

அவர் எழுந்து உட்கார்ந்தார். கழுத்தும் முகமும் வீங்கி ஆளே அடையாளம் தெரியவில்லை. இடது கண் மூடிப்போயிருந்தது.

"எயினி காத்திட்டிருக்கா" என்றார் குரத்தியார்.

சுனைக்கு இறங்கிப் போய் எயினியிடம் எல்லாவற்றையும் சொன்னான். அவள் அழவில்லை.

"கடைசியா ஏதாச்சும் சொன்னாரா?"

"மெதுவா இழுடான்னான்."

எயினி சுனைத் தண்ணீரை அள்ளி முகம் கழுவினாள்.

"ஓடியே இருக்கலாம் அந்த மனுஷன்" என்றாள்.

பிறகு எழுந்து முன்னால் நடந்தாள். சேந்தன் பின்னால் போனான்.

மூன்றாம் நாள் மலைக்குத் திரும்பி வந்தான். குரத்தியார் படுத்திருந்தார். காய்ச்சல்.

"சபையில சொன்னியா?"

"சொன்னேன். பூதனுக்குக் கல் வைக்கிறாங்க."

"உன்னை?"

"ஒண்ணும் செய்யல. படைக்குப் போய் வந்தவங்க ஏழெட்டுப் பேர் சபையில இருந்தாங்க. அவங்கதான் என்னை அடிப்பாங்கன்னு நினைச்சேன். ஒருத்தரும் தலை நிமிரல அம்மா."

சேந்தன் தன் கைகளை அவருக்கு முன்னால் நீட்டினான்.

"இன்னும் எத்தனை வருஷம் பெருக்கினா இது மாறும்?"

"மாறாது."

"அப்போ நாலு வருஷமா என்னை எதுக்குப் பெருக்கச் சொன்னீங்க?"

"எறும்பு சாகாம இருக்க."

சேந்தன் பீலியை எடுத்துக் குகை வாசலைப் பெருக்கினான். குரத்தியாருக்குக் காய்ச்சல் எட்டு நாளில் விட்டது. இடது கண்ணில் பார்வை திரும்பவில்லை.