எழுத்து இல்லாத பாதி

“டீச்சர், ஒரு ஹார்ட் டிஸ்க்கை ரெண்டாப் பிரிச்சு, ஒரு பாதியை மட்டும் கண்ணுல படாம வைக்க முடியுமா?”

கேட்டவர் மாசிலாமணி. ஐம்பதைத் தாண்டியவர். மெகருன்னிசா டீச்சர் அவரைவிடப் பத்து வயதாவது சின்னவர். நூலக மாடியில் ஞாயிறுதோறும் பெரியவர்களுக்குக் கம்ப்யூட்டர் சொல்லிக்கொடுக்கிறார். கேள்வி கேட்டால் திருப்பிக் கேள்வி கேட்பது அவர் பழக்கம். அது பிடிக்காமலே வகுப்பில் பாதிப் பேர் நின்றுவிட்டார்கள்.

“யார் கண்ணுல படக் கூடாது?”

“என் வீட்டுக்காரம்மா கண்ணுல.”

“அந்தப் பாதியில என்ன இருக்கு?”

மாசிலாமணி ஜன்னல் பக்கம் பார்த்தார்.

“என் வீட்டுக்காரம்மா.”

டீச்சர் சிரிக்கவில்லை.

முதல் மனைவி வனஜா புற்றுநோயில் போய்ச் சேர்ந்து சில வருடங்கள் ஆகிவிட்டன. அவள் படங்கள், வீடியோக்கள் எல்லாம் அந்த டிஸ்க்கில்தான். இப்போது ரேணுகாவைக் கட்டியிருக்கிறார். ரேணுகா வீட்டுக்கு வருவதற்கு முன்பே, சுவரில் மாலையோடு இருந்த வனஜாவின் படத்தைக் கழற்றிப் பரணில் போட்டுவிட்டார். வருகிறவள் மனசு நோகக் கூடாது என்று சொந்தக்காரர்கள் சொன்னார்கள். அவருக்கும் சரியென்றே பட்டது. நல்ல மனசோடு செய்கிற காரியத்தை யாராலும் தடுக்க முடியாது.

டீச்சர் சொல்லிக்கொடுத்தார். டிஸ்க்கைப் பிரித்தால் ஒவ்வொரு பாதிக்கும் கம்ப்யூட்டர் ஓர் எழுத்தைப் பெயராக வைக்கும். அந்த எழுத்தை எடுத்துவிட்டால் அந்தப் பாதி திரையில் வராது.

“உள்ளே இருக்கிறது அழியாதுல்ல?”

“அழியாது.”

“நிச்சயமா?”

“நிச்சயமா. அவங்களுக்குச் சம்மதமா?”

“ரேணுகாவுக்குத் தெரியவே கூடாது டீச்சர்.”

“நான் வனஜாம்மாவுக்குச் சம்மதமான்னு கேட்டேன்.”

டீச்சர் ஏதோ வேடிக்கையாகப் பேசுகிறார் என்று நினைத்துக்கொண்டு மாசிலாமணி வீட்டுக்குப் போனார். சொன்னபடியே செய்து முடித்தார்.

ஆறேழு மாதம் கழித்து, டிஸ்க்கைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு மறுபடி வந்தார்.

“டீச்சர், இந்த டிஸ்க் பூரா உனக்குத்தான்னு ரேணுகாகிட்ட குடுத்துட்டேன். இன்னைக்கு வரைக்கும் ஒரு போட்டோகூட அவ இதுல போடல.”

“அவங்க போட்டோ எல்லாம் எங்க வச்சிருக்காங்க?”

“ஒரு பென் டிரைவ்ல. அது எப்பவும் அவ கைப்பைக்குள்ளயே இருக்கும்.”

“திடீர்னு கிளம்பணும்னா அதுதான் தோது.”

மாசிலாமணிக்கு முகம் சுருங்கிவிட்டது.

“ஏன் டீச்சர் இப்படிச் சொல்றீங்க? நான் அவளை ஒரு வார்த்தை கடிஞ்சு பேசினதில்ல. அவ போயிட்டா அந்த வீட்டுல மறுபடி என்னால தனியா இருக்க முடியாது.”

டீச்சர் கையை நீட்டினார். டிஸ்க்கை வாங்கி, பின்பக்கம் திருப்பி, அச்சடித்திருந்த இடத்தில் விரலை வைத்தார்.

“படிங்க.”

“ரெண்டு டெராபைட்.”

“உங்க வீட்டுத் திரையில எவ்வளவு காட்டுது?”

அதில் பாதிதான் காட்டும். மாசிலாமணிக்கு அது தெரியும்.

“இதையெல்லாம் அவ கவனிக்க மாட்டா டீச்சர்.”

“என்ன வேலை பார்க்கிறாங்க?”

“கூட்டுறவு பண்டகசாலையில. வர்ற பெட்டியில சரக்கு சரியா இருக்கான்னு...”

பாதியிலேயே நிறுத்திக்கொண்டார்.

டிஸ்க்கைத் திரும்ப வாங்கி, அச்சடித்திருந்ததை மறுபடி பார்த்தார்.

“மீதி எங்கேன்னு ஒரு நாளும் கேட்டதில்லையே.”

“தெரியாதவங்கதான் கேப்பாங்க.”

மாசிலாமணிக்கு அழுகை வந்தது. ரேணுகாவை நினைத்தா வனஜாவை நினைத்தா என்று அவருக்கே தெரியவில்லை.

“ரெண்டையும் ஒண்ணாக்கிடட்டுமா?”

“ஒண்ணாக்கணும்னா ஒரு பாதியை அழிக்கணும்.”

“அப்போ நான் என்னதான் செய்ய?”

டீச்சர் எழுந்து போனார். பலகையில் பெரிதாக ஓர் எழுத்தை எழுதினார். சாக்பீஸைக் கீழே வைத்துவிட்டு அடுத்த மாணவரிடம் நகர்ந்துவிட்டார்.

அன்று சாயங்காலமே மாசிலாமணி அந்தப் பாதிக்கு எழுத்தைத் திருப்பிக் கொடுத்தார். அடுப்படியில் இருந்த ரேணுகாவைக் கூப்பிட்டார்.

ரேணுகா முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்தாள். கல்யாணப் படம், கோயில் படம், ஆஸ்பத்திரிப் படம். ஒவ்வொன்றையும் நிதானமாகப் பார்த்தாள். கோபமில்லை. அதுவே அவருக்குத் தாங்கவில்லை.

“இவங்க பேசுறது ஏதாச்சும் இருக்கா?”

ஒரு வீடியோவைத் திறந்தார். தலையில் துணி சுற்றிக்கொண்டு, அடுப்படி நாற்காலியில் வனஜா உட்கார்ந்திருந்தாள். எழுந்து நிற்கத் தெம்பில்லாத நாட்கள் அவை. உட்கார்ந்தபடியே அவருக்குச் சமையல் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தாள்.

“இடது பக்க அடுப்புக் குமிழை அமுக்கிப் பிடிச்சுட்டுத் திருகுங்க. பத்தினதும் கையை எடுக்காதீங்க, அணைஞ்சிடும். கொஞ்ச நேரம் அப்படியே பிடிச்சிருங்க. ஆமா, அவ்வளவுதான். இனி நான் இல்லாட்டாலும் காபி குடிச்சுக்குவீங்க.”

ரேணுகா அதை மறுபடி ஓட விட்டாள். முடிந்ததும் திரையைப் பார்த்தபடியே இருந்தாள்.

“வந்த நாள்லேர்ந்து இந்த அடுப்போட மல்லுக்கட்டுறேன். உங்களைக் கேட்டா இவங்க ஞாபகம் வந்துடுமேன்னு கேக்கல.”

அவர் அடுப்படிப் பக்கம் திரும்பிப் பார்த்தார்.

“சொல்றதுக்கு ஆள் வீட்டுலயே இருந்திருக்காங்க,” என்றாள் ரேணுகா.