சோறு வராத சபை

முன்னொரு காலத்தில், பெயர் மறந்துபோன ஒரு நாட்டின் அரசனுக்குத் தன் பிறந்தநாளன்று திறந்தவெளியில் கூடும் சபை முழுவதையும் ஒரே வெள்ளை விதானத்தால் மூடிப் பார்க்க ஆசை வந்தது. நூல் கேட்டு ஆள் அனுப்பினான். அரண்மனைக் கூடத்தில் முப்பது ராட்டைகள் இருந்தன. சுற்றியவை பத்து.

"மற்ற பெண்கள் எங்கே?"

"வீட்டில், அரசே," என்றார் மந்திரி மாணிக்கராயர். "கைக்குழந்தை உள்ள தாய்மாருக்கு நாளுக்கு ஒரு படி அரிசி கொடுக்கச் சொன்னீர்கள். உட்கார்ந்து தின்று உடம்பு வளர்க்கிறார்கள். அரிசியை நிறுத்துங்கள், நாளையே ஓடி வருவார்கள்."

சபை ஆமாம் போட்டது. விகடகவி சாத்தப்பன் மட்டும் பேசாமல் இருந்தான். மனைவி பிரசவத்தில் போய் நான்கு மாதமாகிறது. அதிலிருந்து அவன் பேச்சே குறைந்துவிட்டது. அவன் மகளுக்கும் சேர்த்துப் பால் கொடுப்பவள் நூற்புக்காரி வெள்ளச்சி. அரிசி நின்றால் அவள் பாலும் நிற்கும்.

"மூன்று நாள் பொறுங்கள், அரசே. காரணத்தைக் காட்டுகிறேன்."

"விகடகவிக்கு வாய் திறந்துவிட்டதே!" மாணிக்கராயர் சிரித்தார். "காட்டாவிட்டால் அரிசியோடு அவர் பதவியும் போகட்டும்."

அரசன் தலையசைத்தான்.

அன்று மாலை மகளைத் தூக்கிவரப் போனபோது சாத்தப்பன் கேட்டான்: "ஏம்மா, ராட்டைக்கு ஏன் போறதில்ல?"

"போனா படி கிடையாதுய்யா. கூலி வாங்குறவளுக்கு அரிசி இல்லன்னு மந்திரி ஒரு வரி சேத்துட்டாரு. நாள் பூரா நூத்தா ஒரு படி அரிசிக்குத்தான் கூலி வரும். அதுல பாதி, புள்ளையப் பாத்துக்கிறவளுக்கு. போனா அரைப்படி, போகாட்டி ஒரு படி. நீங்கதான் படிச்சவரு, நான் என்ன செய்யட்டும்?"

சாத்தப்பன் மகளைத் தோளில் போட்டுக்கொண்டு நடந்தான்.

மறுநாள் காலையில் அரசனிடம் அரண்மனைச் சமையலறையை மூன்று நாளுக்குக் கேட்டு வாங்கினான்.

சபையோருக்கு மதியச் சாப்பாடு அரண்மனையில்தான். அன்றும் இலை போட்டு உட்கார்ந்தார்கள். ஒன்றும் வரவில்லை.

"சாத்தப்பா! இலை காய்கிறதே!"

"வேலைக்கு வந்துவிட்டீர்களே, ஐயா. வந்தவருக்குச் சோறு இல்லை. வீட்டில் இருப்பவருக்குத்தான். மந்திரியார் எழுதிய வரி."

அதே நேரம், காய்ச்சலென்று வீட்டில் படுத்திருந்த மூன்று பிரபுக்களுக்கு நெய்ச்சோறும் பாயசமும் தூக்குச்சட்டியில் போயின. பொழுது சாய்வதற்குள் ஊருக்கே தெரிந்துவிட்டது.

இரண்டாம் நாள் பாதிப் பேர் வரவில்லை. மூன்றாம் நாள் அரசன் வந்து பார்த்தால் எல்லா ஆசனமும் காலி. சாத்தப்பன் மட்டும் தூணில் சாய்ந்து நின்றான்.

"எங்கே எல்லோரும்?"

"வீட்டில், அரசே. உட்கார்ந்து தின்று உடம்பு வளர்க்கிறார்கள்."

"மாணிக்கராயருமா?"

"அவருக்கு வயிற்றுவலியாம். பாயசம் மட்டும் இரண்டாம் முறை கேட்டு அனுப்பினார்."

"சோறு போட்டுச் சோம்பேறியாக்கிவிட்டாயா?"

"போன வாரமும் நீங்கள் சோறு போட்டீர்கள், அரசே. எல்லோரும் வந்தார்கள். நான் சேர்த்தது, தாய்மார் அரிசியில் மந்திரியார் சேர்த்த அதே ஒரு வரிதான்: வேலைக்கு வந்தால் சோறு இல்லை."

அரசன் காலி ஆசனங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தான். பிறகு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். அந்த வரியை அங்கேயே அடிக்கச் சொன்னான்.

"என்ன பரிசு வேண்டும்? கேள்."

"ராட்டைக் கூடத்தின் பின்னறையில் இருபத்தொரு தொட்டில். பார்த்துக்கொள்ள இரண்டு பெண்கள், அரண்மனைக் கூலியில்."

"வராத தாய்மார் இருபது பேர்தானே?"

"ஒரு குழந்தைக்குத் தாய் இல்லை, அரசே."

அரசனின் சிரிப்பு நின்றது. தோளிலிருந்த பட்டுச் சால்வையை எடுத்து நீட்டினான். "அந்தத் தொட்டிலை இதில் கட்டு."

பிறந்தநாளுக்குள் விதானம் முடியவில்லை. ஒரு மூலை மூடாமல் மிஞ்சியது. அங்கே வெயிலில் வியர்த்துக்கொண்டிருந்த மாணிக்கராயரைப் பார்த்து அரசன் மறுபடியும் சிரித்தான். சாத்தப்பன் அப்போது சபையில் இல்லை. ராட்டைச் சத்தத்துக்குப் பின்னால், பட்டுத் தொட்டிலை மெல்ல ஆட்டிக்கொண்டிருந்தான்.