பூக்காத பெரணி

"இன்னும் பூக்கலை, தாயே" என்றார் தாணுமூர்த்தி.

உலகம்மைத் தாயார் தேங்காய் நார் திரித்துக்கொண்டிருந்தார். நிமிர்ந்து பார்க்கவில்லை.

கடலோரக் காட்டுக்குள் இருந்தது அவருடைய மடம். அங்கே ஒரு வழக்கம். வருகிறவர் தாமே ஒரு செடியை நட்டு வளர்க்க வேண்டும். அதன் முதல் பூவைக் காலடியில் வைக்கும் நாளில் தாயார் அவர் காதில் மந்திரம் சொல்வார். தீட்சை என்பது அவ்வளவுதான்.

தாணுமூர்த்தி வறண்ட கரிசல் பூமிக்காரர். வந்த அன்றே, ஓடைப் பாறைகளில் பச்சைப்பசேலென்று அடர்ந்து கிடந்த பெரணியைக் கண்டு சொக்கிப்போனார். குருத்து நாய்வாலாகச் சுருண்டு வரும். ஆனால் நாய்வாலைப் போலன்றித் தானாகவே நிமிரும். இலையே இந்த அழகென்றால் பூ எப்படியிருக்கும் என்று ஒன்றைப் பெயர்த்து வந்து நட்டுவிட்டார். யாரிடமும் கேட்கவில்லை. ஆசை கண்ணை மறைத்தால் அப்படித்தான்.

மூன்று மழைக்காலம் போயிற்று.

செம்பருத்தி நட்ட மாசானம் நேற்று மந்திரம் வாங்கிக்கொண்டு கிளம்பினான். போகிற போக்கில் ஒரு குத்து விட்டான்: "இலவு காத்த கிளிக்குப் பஞ்சாவது கிடைச்சுது, அண்ணாச்சி."

மந்திரம் கேட்காமலே கட்டை வெந்துவிடுமோ என்று தாணுமூர்த்திக்குப் பயம் வந்தது அதன் பிறகுதான்.

"பெரணி பூக்காது, அண்ணாச்சி" என்றார் தாயார். வயதில் மூத்த சீடரை அவரும் அப்படித்தான் கூப்பிடுவார்.

"எப்பவுமேவா?"

"எப்பவுமே."

"முதல் நாளே உங்களுக்குத் தெரியுமா?"

"தெரியும்."

தாணுமூர்த்திக்குக் கோபம் வந்தது. "ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே, தாயே."

"நீங்க தினமும் வந்து குருத்தைப் பத்தித்தான் பேசுனீங்க. பூவைப் பத்தி இன்னைக்குத்தான் கேக்கீங்க."



தாயார் வேலியிலிருந்து ஒரு செம்பருத்திக் குச்சியை ஒடித்து நீட்டினார்.

"இதை நடுங்க. வருஷத்துக்குள்ள பூத்துரும். ஆளுக்கு ஒரு குழிதான். பெரணியைப் பிடுங்கிருங்க."

மண்வெட்டியோடு போனவர் பொழுது சாயத்தான் திரும்பினார். கையில் குச்சி அப்படியே இருந்தது.

"நட்டாச்சா?"

"இல்லை." குச்சியைத் தாயார் பக்கத்தில் வைத்தார். "அடுத்து வர்றவங்களுக்குக் கொடுங்க. எனக்கு மந்திரம் கிடைக்காட்டிப் போகுது."

வேட்டி நுனியால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"புதுக் குருத்து ஒண்ணு பாதி விரிஞ்சு நிக்கு, தாயே. வெளிச்சம் போறதுக்குள்ள வந்து பாக்கீங்களா?"

பூ கொண்டுவந்தவர்களுக்கெல்லாம் தாயார் உட்கார்ந்த இடத்திலேயே மந்திரம் சொல்லியிருக்கிறார்.

இப்போது நாரைக் கீழே போட்டுவிட்டு எழுந்தார்.

வழிவிட்டு ஒதுங்கி நின்றார் தாணுமூர்த்தி. மடத்தில் தாயாருக்கு முன்னால் யாரும் நடப்பதில்லை.

"நீங்க முன்னால போங்க, அண்ணாச்சி" என்றார் தாயார். "நான் பின்னால வாரேன்."