மீன்பல்லியின் நாக்கு

திருச்சியில் பாதி ஊரின் வாய்க்குள் போய் வந்த கை, பல் டாக்டர் அருளப்பனுடையது. அறுபத்து மூன்று வயதில் அவருக்கு ஒரு கிறுக்குப் பிடித்தது. கிளினிக்கை மகனிடம் ஒப்படைத்துவிட்டு, அரியலூர்ப் பக்கத்துப் பொட்டல்காட்டில் எலும்பு பொறுக்கிக்கொண்டிருந்த ஒரு பெண்ணிடம் போய், "எனக்கும் கத்துக்கொடுங்க மேடம்" என்று நின்றார்.

அந்தப் பெண் பூங்கோதை. ஆராய்ச்சிக்காரி. வயதில் அவருடைய மகளைவிடச் சின்னவள். ஒரு காலத்தில் கடலாகக் கிடந்து வற்றிப்போன அந்தப் பொட்டலில் தகரக் கொட்டகை போட்டுக்கொண்டு, பத்துக் கோடி வருஷத்துக்கு முன்னால் செத்துப்போன பிராணிகளோடு குடித்தனம் நடத்திக்கொண்டிருந்தாள்.

"பல்லுன்னா உங்களுக்குப் பயமில்லையே டாக்டர்?" என்று மட்டும் கேட்டாள்.

"பல்லுக்குத்தான் என்கிட்ட பயம்."

சிரித்துவிட்டாள். சேர்த்துக்கொண்டாள்.

மழைக்காலம் முடிந்த சமயம் பாறையிலிருந்து ஒரு தாடை கிடைத்தது. முழங்கை நீளம். அவ்வளவு நீளத்துக்குப் பெருவிரல் கனம்தான் இருந்தது. மீன்பல்லியின் தாடை அது. பெயரில்தான் மீன். உண்மையில் பல்லி, முதலை வகையறா. கடலிலேயே பிறந்து கடலிலேயே செத்தாலும், மூச்சு வாங்க மேலே வந்தே தீர வேண்டிய ஜென்மம். அதன் மூதாதைகள் தரையில் நாலு காலில் ஓடியவை.

டாக்டர் அந்தத் தாடையைச் சுற்றிச் சுற்றி வந்தார். காபி ஆறிப்போனது. கடைசியில் கேட்டேவிட்டார்.

"தரையில ஓடிப் பிடிச்சுத் தின்ன பிராணி மேடம். கடலுக்குள்ள போய் எப்படித் திங்கறதுன்னு அதுக்கு யார் சொல்லிக்கொடுத்தா?"

"சாப்பிட்டாச்சா டாக்டர்?"

"இன்னும் இல்லை."

"நல்லதாப் போச்சு."

துணி துவைக்கிற அலுமினியக் குண்டானை வெளியே கொண்டுவந்து வைத்தாள். தண்ணீர் நிரப்பினாள். சமையலுக்கு வைத்திருந்த பச்சைச் சுண்டைக்காயில் ஒன்றை எடுத்து மிதக்கவிட்டாள்.

"கையைப் பின்னால கட்டிக்குங்க. வாயால எடுங்க."

"விளையாடுறீங்களா?"

"நீங்கதானே கேட்டீங்க?"

டாக்டர் அக்கம்பக்கம் பார்த்தார். பொட்டலில் பார்க்க யார் இருக்கிறார்கள்? மண்டியிட்டார். குண்டானுக்குள் முகத்தை இறக்கி, வாயைத் திறந்துகொண்டு சுண்டைக்காயிடம் போனார். அது நகர்ந்துகொண்டது. மறுபடி போனார். மறுபடியும் அதே. வேகமாகப் பாய்ந்தார். மூக்கில் தண்ணீர் ஏறி இருமினார். சுண்டைக்காய் எதிர்க் கரையில் போய் நின்றது.

"சனியன், ஓடுது!"

"அது எங்கே ஓடுது? நீங்கதான் தள்ளிவிடுறீங்க."

"நானா?"

"உங்க முகம் தண்ணியைத் தள்ளுது, தண்ணி காயைத் தள்ளுது. தரையில காத்து இந்த வேலை பண்ணாது."

டாக்டருக்கு ரோஷம் வந்துவிட்டது. இந்தத் தடவை நேரே போகவில்லை. காய்க்குப் பக்கத்தில் மெல்ல முகத்தைக் கொண்டுபோய், சட்டென்று தலையைப் பக்கவாட்டில் திருப்பிக் கவ்வினார். சிக்கிவிட்டது. பச்சைக் கசப்பு நாக்கில் இறங்கியது. துப்பத் தோன்றவில்லை. ஈர முகத்தோடு எழுந்து உள்ளே போய்த் தாடையின் முன்னால் நின்றார்.

"அடேங்கப்பா... இதுக்குத்தானா இவ்வளவு ஒல்லி? தண்ணியைத் தள்ளாம கிழிச்சுக்கிட்டுப் போறதுக்கா?"

அவள் அதற்குள் அடுத்த பாடத்துக்குப் போய்விட்டாள். குண்டானில் ஒரு கைப்பிடி பொரியைத் தூவியிருந்தாள்.

இதை ஒவ்வொன்றாகக் கவ்விக்கொண்டிருந்தால் பொழுது போய்விடும். டாக்டர் யோசித்தார். வாய் கொள்ளும் மட்டும் தண்ணீரையும் பொரியையும் சேர்த்து உறிஞ்சி, பல்லைக் கடித்துக்கொண்டு, தண்ணீரை மட்டும் பல்லிடுக்கு வழியே வெளியே தள்ளினார். பொரி உள்ளே நின்றது. அவர் கண் அகலமாய் விரிந்தது.

"இப்படியும் ஒண்ணு இருந்துச்சா?"

"சீப்பு மாதிரிப் பல்லை வச்சுக்கிட்டு ஒண்ணு வடிகட்டித் தின்னுச்சுன்னுதான் சொல்றாங்க."

"கடவுளே."

அடுத்தது ஓடு உடைக்காத வேர்க்கடலை. அவள் அதைப் போட்டு முடிக்குமுன் டாக்டர் கவ்விவிட்டார். யாரும் சொல்லாமலே நாக்கு அதைக் கடைவாய்க்குத் தள்ளியது. ஓடு உடைகிற சத்தம் அவர் மண்டைக்குள் கேட்டது. மென்றபடியே கையை ஆட்டினார். வாயில் கடலை. பேச வரவில்லை.

"கூழாங்கல்லு மாதிரி தட்டைப் பல்லு," என்று அவளே சொன்னாள். "சிப்பியை உடைச்சுத் தின்னுச்சு ஒரு கூட்டம்."

டாக்டர் ஈரத் தரையிலேயே உட்கார்ந்துவிட்டார். வாழ்நாள் முழுக்க வாய்களுக்குள் விளக்கு அடித்துப் பார்த்தவர். வாய் என்றால் அவருக்கு வலிக்கிற இடம், சொத்தை விழுகிற இடம், அவ்வளவுதான். எதிரே பொட்டல் வெயிலில் கிடந்தது. அங்கே ஒரு காலத்தில் அலை அடித்திருக்கிறது. அலைக்கடியில் கவ்வுகிற வாய், வடிக்கிற வாய், உடைக்கிற வாய் என்று எத்தனை அலைந்தனவோ. எதற்கென்று தெரியாமல் கண்ணில் நீர் வந்தது. முகம் ஏற்கெனவே நனைந்திருந்ததால் அவள் கவனிக்கவில்லை.

அன்று மதியம் பூங்கோதை அந்தத் தாடையை அவர் கையிலேயே கொடுத்தாள். அதில் ஒரே ஒரு பல்தான் நுனியோடு மிஞ்சியிருந்தது.

"நுனியைப் பார்த்தா அது என்ன தின்னுச்சுன்னு சொல்லிடலாம் டாக்டர். மழுங்காம முழுசா இருந்தா மெத்துன்னு இருக்கற கணவாய் மீனைத் தின்னிருக்கும். உடைஞ்சிருந்தா சிப்பி ஓட்டையோ எலும்பையோ கடிச்சிருக்கும். மேல ஒட்டின மண்ணை மட்டும் எடுங்க. சாயந்தரம் வெயில் சாயட்டும், போட்டோ எடுத்துக்கலாம்."

சொல்லிவிட்டு, எலும்பு தோண்டுகிற பள்ளத்துக்குப் போனாள்.

டாக்டர் ஊசியும் பிரஷ்ஷுமாக உட்கார்ந்தார். மண் உதிர்ந்தது. பல் கறுப்பாய் மினுங்கியது. என்ன அழகான பல்! மனசு இன்னும் குண்டானுக்குள்ளேயே கிடந்தது. கவ்வுவதும் வடிப்பதும் உடைப்பதுமாக அது நீந்திக்கொண்டிருந்தது. கை பாட்டுக்கு வேலை செய்தது.

கடைசியில் வழக்கம்போல் பல்லின் மேல் விரலை ஓட்டிப் பார்த்தார். வழுவழுவென்று இருந்தது. 'இனிமே குத்தாது' என்று நினைத்தார்.

நினைத்த மறுகணம் தன் கையைப் பார்த்தார்.

கிளினிக் நாளிலிருந்து பையிலேயே கிடக்கிற, பல் ராவுகிற தேய்ப்புக்கல் அதில் இருந்தது. மண் உதிர்ந்தபோது நுனி ஓரத்தில் ஒரு சில்லு உடைந்து கூராக நின்றதே, அது இல்லை. மேஜை மேல் கறுப்புத் தூள் சிட்டிகையளவு கிடந்தது. அந்தப் பிராணி எதைக் கடித்தது என்கிற சங்கதி அந்தத் தூளோடு போயிற்று.

பூங்கோதை வந்தாள். கேமராவை எடுத்தாள். பல்லைப் பார்த்தாள். லென்ஸ் வைத்துப் பார்த்தாள். பிறகு மேஜையைப் பார்த்தாள்.

"தேச்சீங்களா?"

"ஆமா."

கேமராவைக் கீழே வைத்தாள். கொட்டகைக்கு வெளியே போய், முதுகைக் காட்டிக்கொண்டு நின்றாள். திட்டியிருந்தால் டாக்டருக்கு எவ்வளவோ ஆறுதலாக இருந்திருக்கும். திரும்பி வந்தபோதும் குரல் உயரவில்லை.

"ஏன் டாக்டர்?"

டாக்டர் தலையைத் தூக்கவில்லை. "பல்லு உடைஞ்சு கூரா நின்னுச்சு மேடம். அப்படி விட்டா நாக்கைக் கிழிச்சிடும். வர்ற பேஷண்ட்டுக்கெல்லாம் முதல் வேலையா அதைத்தான் பண்ணுவேன். கை பண்ணிடுச்சு."

"யார் நாக்கை?"

டாக்டரின் விரல் அந்தப் பல்லுக்குப் பின்னால், நாக்கு கிடந்திருக்கும் வெற்றிடத்துக்குப் போனது.

பூங்கோதை மெதுவாக ஸ்டூலில் உட்கார்ந்தாள். தாடையைப் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

"உடைஞ்ச பல்லு எத்தனையோ பார்த்திருக்கேன்," என்றாள். "பார்த்தவுடனே எழுதிவைப்பேன், ஓட்டைக் கடிச்சது, எலும்பைக் கடிச்சதுன்னு. அதுக்கு அப்புறம் அந்தப் பல்லோட அது எப்படித் தின்னுச்சுன்னு நான் யோசிச்சதே இல்லை. அதுக்கு வலிச்சிருக்கும்னுகூட."

டாக்டர் அதைக் காதில் வாங்கும் நிலையில் இல்லை. தேய்ப்புக்கல்லைப் பைக்குள் போட்டார். கண்ணாடி, துண்டு, தண்ணீர் பாட்டில் எல்லாவற்றையும் திணித்தார். ஜிப் இழுபடவில்லை.

"நான் கிளம்பறேன் மேடம். இது மனுஷன் வாயில பழகின கை. இந்த வயசுக்கு மேல அதை மாத்த முடியாது. இன்னொண்ணையும் கெடுக்கறதுக்கு முன்னால போயிடறேன்."

"காலைல ஒண்ணு கேட்டீங்களே, கடல்ல திங்கறதுக்கு அதுக்கு யார் சொல்லிக்கொடுத்தாங்கன்னு. பதில் வேண்டாமா?"

டாக்டர் பையோடு வாசலில் நின்றார். "குண்டான்லதான் காட்டிட்டீங்களே."

"அது நீங்களா கண்டுபிடிச்சது. நான் ஒண்ணும் சொல்லலை."

பூங்கோதை எழுந்தாள். மூலையில் இருந்து இன்னும் உடைக்காத ஒரு பாறைக்கட்டியைத் தூக்கிவந்து அவர் மேஜையில் வைத்தாள். அதன் ஓரத்தில் கறுப்பாய் ஒரு பல்லின் அடி தெரிந்தது.

"யாரும் சொல்லிக்கொடுக்கலை. தண்ணிக்குள்ள முதல்ல இறங்கினதுல ஒண்ணுகூட வாயை மாத்திக்கிட்டு இறங்கலை டாக்டர். தரையில தின்ன வாயோடதான் இறங்குச்சு. பசியா இருந்துச்சு, இறங்கிடுச்சு."