வால்வைக் கால்வாசி திறந்து வைத்தவர்

“நாலு வருச உழைப்புங்க டீச்சர். ஒரு மார்க் கூடப் போடலைங்க.”

சடையப்பன் பெருந்துறைப் பக்கம் ஒரு சாயப் பட்டறையில் தண்ணீர்ப் பிரிவின் மேலாளர். வயது ஐம்பத்தாறு. பசுமைக் கட்டடச் சான்றிதழ் பற்றித் திலகமணி எடுத்த ஒரு வார வகுப்பில் உட்கார்ந்த நாள் முதல், தன்னைவிட இருபது வயது இளையவரை டீச்சர் என்றுதான் கூப்பிடுகிறார். இன்று அவரைப் பட்டறைக்கே வரவழைத்திருந்தார்.

“சாயத் தண்ணியச் சுத்தம் பண்ணி மெஷினைக் குளிர வைக்கிற கூலிங் டவருக்கே திருப்பி விடறோம். அதுவும் போர்வெல் தண்ணியும் ஒரே தொட்டியில விழுது, எது எவ்வளவுன்னு யாருக்குத் தெரியும்னு சான்றிதழ் ஆய்வாளர் கேட்டுட்டுப் போயிட்டாருங்க. அடுத்த மாசம் மறுபடி வர்றாரு. அப்பவும் மார்க் இல்லைன்னா சுத்திகரிப்பு நிலையத்தையே மூடிடறேன்னு மொதலாளி சொல்லிட்டாரு.”

அந்த நிலையத்தின் ஒவ்வொரு குழாயும் அவர் பக்கத்தில் நின்று போட்டது.

“ஆய்வாளருக்கு நல்லா ஒரு லெட்டர் எழுதிக் குடுங்க.”

திலகமணி பேனாவை எடுக்கவில்லை. எழுந்து தொட்டியைப் பார்க்கப் போனார்.

தொட்டி விளிம்புவரை தளும்பியது. போர்வெல் குழாயின் வால்வு கால்வாசி திறந்திருந்தது.

“இது எதுக்குங்ணா?”

“ஒரு தைரியத்துக்குங்க. டவர் காஞ்சா மெஷின் எல்லாம் நின்னுரும்.”

“என்னைக்காவது காஞ்சிருக்கா?”

“காய விட்டதே இல்லைங்க.” சடையப்பன் கொஞ்சம் பெருமையாகவே சொன்னார்.

“சுத்தம் பண்ணின தண்ணி எங்க போகுது?”

அவர் அப்போதுதான் திரும்பிப் பார்த்தார். தொட்டியில் இடம் கிடைக்காத தண்ணீர் வழிந்து வேலியோரத்து வேப்ப மரங்களுக்குப் போய்க்கொண்டிருந்தது. மரங்கள் ஜோராக இருந்தன.

“மூடுங்க.”

“டீச்சர், ஷிஃப்ட் ஓடிட்டிருக்கு.”

“அதனாலதான்.”

நாலு வருடம் அசையாத வால்வு. இரண்டு கையாலும் மல்லுக்கட்டி மூடினார்.

தண்ணீர் ஒரு சாண் இறங்கியது. இரண்டு சாண். சடையப்பனின் கை தானாக வால்வுக்குப் போனது.

திலகமணி அந்தக் கையில் ஒரு டீ டம்ளரைத் திணித்தார்.

பாதி டீ குடிப்பதற்குள், தொட்டி நிறைந்திருந்தவரை குழாயை அடைத்திருந்த மிதவை சாய்ந்தது. சுத்திகரித்த தண்ணீர் குபுகுபுவென்று கொட்டியது. மட்டம் நின்றது. பிறகு ஏறியது. மெஷின்கள் பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தன.

சடையப்பன் வாய்விட்டுச் சிரித்தார். கண்ணும் கலங்கியது.

“இப்ப லெட்டர் எழுதலாமாங்ணா?”

“வேண்டாங்க டீச்சர். ரெண்டு தண்ணி மீட்டர் வாங்கிட்டு வந்தர்றேன்.”

மறுநாளே குழாய்க்கு ஒன்றாக மாட்டினார். போர்வெல் வால்வை அவர் மறுபடி திறக்கவில்லை.

ஒரு மாதம் கழித்து ஆய்வாளர் வந்தார், கூடவே முதலாளியும். சுத்திகரித்த தண்ணீரின் மீட்டரைக் குறித்துக்கொண்ட ஆய்வாளர், போர்வெல் குழாய் மீட்டரின் கண்ணாடியைத் தட்டினார்.

“புது மீட்டரா? சைபர்லயே நிக்குதே. ரிப்பேரா?”

சடையப்பன் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டார்.

“மீட்டர் நல்லா இருக்குங்க சார். அதுக்குத்தான் வேலையே வரலைங்க.”